பதினாறு கட்டிலும் நான்கு திசையும்

1. ஆறடி

பாண்டிச்சேரியிலிருந்து சுற்றறிக்கை வந்த அன்று எங்கள் பெண்கள் வார்டில் பதினாறு கட்டிலும் நிரம்பியிருந்தது. பதினாறு பேருக்கும் இன்ஃப்ளூயன்சா. எழுபதுகளின் கடைசி அது. காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது புதிதாக வார்டுக்கு வருகிற தங்கைகள் விதிமுறைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது.

அந்த வருஷத்துக் காய்ச்சலுக்கு ஒரு குணம். இளவயசுக்காரர்களையே தேடிப் பிடித்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாலும் அவர்களை அனேகமாகச் சீண்டவில்லை. அதனால் வார்டு முழுக்கக் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷம் ஆன பெண்கள், ஆகப்போகிற பெண்கள். முதலில் அனலாகக் கொதித்துக் கிடப்பார்கள். காய்ச்சல் இறங்கியதும் இருமிக்கொண்டே சிரிக்கத் தொடங்குவார்கள். ஒருத்தி சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள்; ஒருத்தி இருமினால் எல்லோரும் இருமுவார்கள். தெர்மாமீட்டரை வாயில் வைத்தால்தான் ஒருத்தியை அமைதியாக்க முடியும். என்னிடம் இருந்தது மூன்றே தெர்மாமீட்டர்.

பெரிய டாக்டர் சுற்றறிக்கையோடு நேராக வார்டுக்கே வந்துவிட்டார். இரண்டு பக்கம், இங்கிலீஷ், நெருக்கி டைப் அடித்தது. காய்ச்சல் உள்ள ஊழியர் டியூட்டிக்கு வரக் கூடாது. எல்லோருக்கும் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியில் மாஸ்க். நோயாளியோடு வந்தவர்கள் வார்டுக்குள் தங்கக் கூடாது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஆறடி.

எங்கள் ஹால் கிழக்கு மேற்காக அறுபது அடி நீளம். தெற்குச் சுவரில் தலைமாடு வைத்துப் பதினாறு கட்டிலும் ஒரே வரிசை. இடையில் நான் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். வடக்குப் பாதியில் நடக்கிற வழி, இரண்டு பீரோ, கூட வந்தவர்களுக்கான பெஞ்சுகள்.

"ஆறடி விட்டா ஏழு கட்டில்தான் நிக்கும் சிஸ்டர். பாக்கி ஒம்பது பேர எங்க போடுறது? எதுத்தாப்ல பிரசவத்துக்கு வந்தவங்க ரூமைத்தான் காலி பண்ணணும்," என்றார். அவருக்கும் அதில் சந்தோஷமில்லை.

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் உள்ளூர். வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாவது மல்லிகா, பூவத்துக்காரி. முதல் குழந்தை தங்காத பெண். இந்தத் தடவை எட்டாம் மாதத்திலேயே கால் வீங்கி, பி.பி. ஏறி, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பினால் வலி வரும்போது பூவத்திலிருந்து வண்டி பிடித்து வர வேண்டும், பி.பி. அதுவரை காத்திருக்காது. இங்கேயே வைத்துக்கொண்டால் காய்ச்சல்காரர்களுக்கு நடுவில் வைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு அந்தக் காய்ச்சல் நுரையீரலில் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் பேசியது வராந்தா தாண்டி அவள் காதில் விழுந்திருக்கிறது. நான் பி.பி. பார்க்கப் போனபோது, "என்னெ அனுப்பிடுவீங்களா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். பி.பி. நேற்றைவிட அதிகம் காட்டியது.

பட்டியல் என்றால் எனக்கு உயிர். மளிகைச் சாமானுக்கே நம்பர் போட்டு எழுதுகிறவள். சுற்றறிக்கையை ஐட்டம் ஐட்டமாகப் படித்தபோது, ஆறடி விதிக்குக் கீழே இன்னொரு வாக்கியம் இருந்தது. இடம் போதாவிட்டால், ஒருத்தருக்குத் தலை உள்ள பக்கம் அடுத்தவருக்குக் கால் வரும்படி மாற்றி மாற்றிப் படுக்க வைக்கலாம். முகத்துக்கும் முகத்துக்கும் தூரம் கிடைத்துவிடும். டாக்டரிடம் ஓடினேன். படித்துப் பார்த்தார்.

"சரி. நாளைக் காலைல நா ரவுண்ட்ஸ் வர்றப்ப பதினாறு பேரும் அப்படிப் படுத்திருக்கணும். இல்லேன்னா ரூம் காலி."

2. தலையணை

இவ்வளவு எளிதான வேலையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை என்று நினைத்தேன். கட்டில்களுக்கு நம்பர் போட்டேன். இரட்டைப்படைக் கட்டில்களில் தலையணையை வடக்குப் பக்கம் மாற்றினேன். எல்லோரும் சமர்த்தாகத் திரும்பிப் படுத்தார்கள். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பதினாறு தலையும் தெற்கே இருந்தது.

மறுபடி மாற்றினேன். மறுபடி தெற்கு. மூன்றாம் தடவை தலையணைகளை வடக்குப் பக்கக் கம்பியோடு பாண்டேஜ் துணியால் கட்டினேன். திரும்பி வந்தபோது தலையணைகள் கட்டியபடியே இருந்தன. அவற்றின் மேல் கால்கள் இருந்தன. தெற்கே ஆளுக்கொரு புடவை சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார்கள்.

இதைச் செய்தவர்கள் படுத்திருந்தவர்கள் இல்லை, பெஞ்சில் இருந்த மாமியார்களும் அம்மாக்களும். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் மண்டபத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள். அவருடைய மருமகள் செல்லக்கண்ணு, மீன் விற்கிற பெண், எட்டாம் நம்பர் கட்டில்.

"வடக்க தல வச்சிப் படுத்த யானக்கித் தலயே போச்சு சிஸ்டர். அந்தத் தலதான் புள்ளயாருக்கு இருக்கு. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார் அந்த அம்மாள்.

"என் தலய எந்தச் சாமிக்கு வச்சாலும் சாமிதான் கோச்சுக்கும் அத்த. கூடை தூக்கித் தூக்கி உச்சில முடியே இல்ல," என்றாள் செல்லக்கண்ணு கட்டிலிலிருந்து. பதினாறு கட்டிலும் சிரித்து, பதினாறு கட்டிலும் இருமியது.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் வடக்கே தலை வைத்து யாரும் படுத்ததில்லை, நானும் படுத்ததில்லை. படிக்கும்போது அந்த வாக்கியம் எனக்கு உறைக்காததற்குக் காரணம், தாளில் திசை போட்டிருக்கவில்லை. தலை, கால் என்று மட்டும்தான் போட்டிருந்தது.

ஆனாலும் விடவில்லை. இரட்டைப்படைக் கட்டில்களின் தெற்குக் கம்பியில் டெம்பரேச்சர் சார்ட்டைக் கட்டித் தொங்கவிட்டு, சார்ட் இருக்கிற பக்கம் கால்தான் இருக்கணும் என்று உத்தரவு போட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தேன். சார்ட் இருக்கிற பக்கம்தான் கால் இருந்தது. கட்டிலையே தூக்கித் திருப்பிவிட்டிருந்தார்கள்.

அப்போது திருமலைராயன்பட்டினத்து ஜெய்னம்பு கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. "எங்களுக்கு வடக்க தல வச்சாப் பரவால்ல சிஸ்டர். நாங்க மாறிக்கிறோமே." அவளும், அவள் தெருக்காரிகள் மூன்று பேரும் வடக்கே தலை வைத்துப் படுத்தார்கள். எனக்குத் தேவை எட்டுப் பேர். இன்னும் நான்கு பேர் குறைந்தார்கள். மற்ற பன்னிரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

3. அப்ஜெக்ஷன் இல்லாத திசை

அன்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். தலையைத் திருப்ப முடியாது என்றால் கட்டிலைத் திருப்ப வேண்டியதுதான். சுவருக்குச் செங்குத்தாக நிற்கிற கட்டில்களைச் சுவரோடு சேர்த்து நீளவாக்கில் போட்டால்? ஒருத்தியின் காலுக்கு அப்புறம் அடுத்தவள் தலை வரும். எல்லோரும் ஒரே பக்கம் தலை வைத்தாலே போதும். ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் நடுவில் ஒரு முழுக் கட்டில் தூரம் இருக்கும். ஹாலின் நீளத்துக்கு எட்டுக் கட்டில் தாராளமாக நிற்கும். தெற்குச் சுவரில் எட்டு, வடக்குச் சுவரில் எட்டு. நடுவில் வேண்டிய மட்டும் வழி. மாற்றி மாற்றிப் படுக்கிற கதையே இல்லை.

மறுநாள் விடிந்ததும் வார்டுக்குப் போய், எல்லோரும் கிழக்கே தலை வைக்கலாம் என்று அறிவித்தேன். மாமியார்களுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஜெய்னம்பு மெதுவாகச் சொன்னாள்: "அப்ப எங்க கால் மேக்க போவுமே சிஸ்டர். கிப்லா அந்தப் பக்கம். தொழுவுற திக்குல கால நீட்ட மாட்டோம்."

முந்தின நாள் எனக்காக மாறிப் படுத்தவள் அவள். அவளிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காகிதம் எடுத்து எழுதினேன்.

வடக்கு: யானை.
தெற்கு: கட்டில் பழையபடி நிற்கும், ஆறடி கிடையாது.
கிழக்கு: கிப்லா.
மேற்கு: ?

கேள்விக்குறியை எடுத்துக்கொண்டு மண்டபத்தூர் அம்மாளிடம் போனேன். அவர் வெகுநேரம் யோசித்தார். மற்ற மாமியார்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேக்கயா? நல்லதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆவாதுன்னு யாரும் சொல்லிக் கேட்டதில்ல."

ஜெய்னம்புவிடம் கேட்டேன். மேற்கே தலை என்றால் கால் கிழக்கே போகும், அவர்களுக்கு ஒன்றுமில்லை. யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத, யாருக்கும் ஆகாததும் இல்லாத திசை ஒன்று கிடைத்துவிட்டது. டாக்டர் வர ஒரு மணி நேரம் இருந்தது.

4. பேரளம் பாசஞ்சர்

வார்டு பாய் மூன்று பேரில் இரண்டு பேர் காய்ச்சலில் வீட்டில். மிச்சம் இருந்தவரால் ஓர் இரும்புக் கட்டிலைத் தனியாக நகர்த்த முடியாது. பீரோக்கள் வேறு வராந்தாவுக்குப் போக வேண்டும், பெஞ்சுகளும். பெஞ்சு வெளியே போனால் நாங்கள் எங்கே உட்காருவது என்று மாமியார்கள் கேட்டார்கள். பெஞ்சிலேதான், ஆனால் வராந்தாவில், என்றேன். மேற்கைக் கண்டுபிடித்த பெருமையில் மண்டபத்தூர் அம்மாளே முதல் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார். வந்தவர்கள் உள்ளே தங்கக் கூடாது என்ற ஐட்டத்துக்கும் அப்போதே டிக் போட்டேன்.

காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆனவர்களை மட்டும் கட்டில் தள்ள அனுமதித்தேன். மாஸ்க் கட்டிக்கொண்டு எட்டுப் பேர் இறங்கினார்கள். பெரிதாகக் கிறீச்சிட்டுக்கொண்டு முதலில் எட்டாம் நம்பர் கட்டில் நகர்ந்தது. அதன் மேல் காய்ச்சல் விடாத செல்லக்கண்ணு படுத்திருந்தாள். இறங்க வேண்டாம், அப்படியே தள்ளுகிறோம் என்று சொல்லியிருந்தேன். அவள் ரயில் ஸ்டேஷனில் கூவுவது போலக் கூவத் தொடங்கினாள். "பேரளம்! அம்பகரத்தூர்! திருநள்ளாறு! எறங்குறவங்க எறங்கிக்குங்க." பின்னாலிருந்து ஒருத்தி டிக்கெட் கேட்டாள். ஜெய்னம்பு கட்டிலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் அதட்டினேன். அதட்டும்போதே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க் இருந்ததால் தப்பித்தேன்.

கடைசிக் கட்டில் சுவரோடு சேர்ந்ததும் டாக்டர் வாசலில் நின்றார். எல்லோரும் அடங்கிவிட்டார்கள். என் கையிலிருந்த அளவு டேப்பை வாங்கி, ஒரு தலையணையிலிருந்து அடுத்த தலையணைக்கு அவரே அளந்தார். எதிர் வரிசைக்கும் அளந்தார்.

"ஆறடிக்கு மேலயே இருக்கு. அது என்ன, பதினாறு பேரும் மேற்கு?"

"மத்த மூணு திசைக்கும் அப்ஜெக்ஷன் இருக்கு டாக்டர்," என்றேன். என் காகிதத்தை நீட்டினேன். யானை என்ற சொல்லில் அவர் கண் நின்றது. அவர் மாஸ்க் இரண்டு தடவை உப்பி அடங்கியது.

"ரூமைக் காலி பண்ண வேணாம்," என்றார்.

நான் எதிர் அறைக்கு நடந்துதான் போக வேண்டும், ஓடினேன். மல்லிகாவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த பி.பி. இறங்கியிருந்தது.

5. கேட்டு எழுதியது

ஆண்கள் வார்டுக்கும் இதே மாதிரி செய்ய வேண்டும், தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றார் டாக்டர். எழுதினேன். முதல் ஐட்டம்: கட்டிலைத் தொடுவதற்கு முன் எந்தப் பக்கம் தலை வைப்பீர்கள் என்று கேட்கவும். கூட வந்தவர்களிடமும் கேட்கவும். ஆறடி என்பது இரண்டாவது ஐட்டம். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். சுற்றறிக்கையில் நோயாளி என்று ஒரே சொல்லாகப் போட்டிருப்பார்கள். வார்டுக்கு வருகிற நோயாளிக்கு ஒரு சாமி, ஒரு திசை, ஒரு மாமியார் எல்லாம் உண்டு. அவர்களையும் சேர்த்துத்தான் ஆறடி அளக்க வேண்டும்.

காய்ச்சல் ஓய்கிற வரை எதிர் அறைக்குள் அது போகவில்லை. மல்லிகாவுக்கு ஒரு மத்தியானம் வலி எடுத்தது. டாக்டர் பக்கத்திலேயே இருந்தார், பி.பி.க்கு ஊசி தயாராக இருந்தது. பெண் குழந்தை, எடை கொஞ்சம் குறைவு, தொண்டையில் குறை ஒன்றுமில்லை. அது அழுதது வராந்தா தாண்டி ஹால் வரை கேட்டது. நான் போய்ச் சொல்வதற்குள் இரண்டு வரிசையும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்து இருமினார்கள், இருமிக்கொண்டே மறுபடி சிரித்தார்கள்.

மாஸ்க் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். வார்டில் சிரிக்கக் கூடாது என்று சுற்றறிக்கையில் எங்கேயாவது இருக்கிறதா என்று பிறகு தேடிப் பார்த்தேன். இல்லை.