நான் மிக்ஸ் செய்த கிறிஸ்மஸ் பாட்டுகள்

எங்கள் கல்லூரியில் யாராவது மடிக்கணினி வாங்க நினைத்தால் முதலில் என்னிடம் வந்து உட்காருவார்கள். பொத்தேரிப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அந்தக் கல்லூரியில் கணினி ஆய்வகங்கள் என் பொறுப்பு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. மெமரியைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து விற்கிறார்களே, அந்த மெல்லிய மடிக்கணினிகளைத் தொடவே தொடாதீர்கள் என்பேன். நாளைக்குக் கூட்டிக்கொள்ள முடியாத பொருளுக்கு இன்றைக்கு எதற்கு அவ்வளவு பணம்? விசைகளுக்கு அடியில் கலர் கலராக விளக்கு எரிந்தால் அது கணினியா, கல்யாண வீட்டு சீரியல் செட்டா என்று கேட்பேன். வந்தவர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன்.

பாட்டு என்று வந்துவிட்டால் என் வாய் இன்னும் நீளும். ஹெட்போன் குத்தும் துளையை அடைத்துவிட்டு அதையே முன்னேற்றம் என்று விற்ற செல்பேசிக் கம்பெனிகளை நான் மன்னித்ததில்லை. புளூடூத் என்பது பாட்டைப் பிழிந்து சக்கையை மட்டும் காதுக்கு அனுப்பும் ஏற்பாடு. எம்பித்ரீ பரவாயில்லை என்கிறவனுக்குக் காது இல்லை. வாட்ஸாப்பில் வரும் பாட்டு பாட்டே இல்லை. இதையெல்லாம் கல்லூரி கேன்டீனில், பேருந்தில், உறவினர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறேன். “உங்களுக்கு வித்தியாசம் தெரியலைன்னா அது உங்க தப்பு இல்ல, பழக்கம் இல்ல, அவ்வளவுதான்” என்று பெருந்தன்மையோடு முடிப்பேன். அந்தப் பெருந்தன்மையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வீடு சேலையூரில். கணினியில் உள்ள பாட்டை நல்ல ஒலியாக மாற்றித் தரும் சிறு பெட்டி ஒன்றும், வயர் உள்ள கனமான ஹெட்போன் ஒன்றும் என் மேசையில் எப்போதும் இருக்கும். மாலையில் வந்ததும் அதை மாட்டிக்கொண்டால் சாப்பிடக் கூப்பிடும்வரை கழற்ற மாட்டேன். கூப்பிடுவதும் கேட்காது, மனைவி வந்து தோளைத் தொடுவாள்.

அவள் பள்ளி ஆசிரியை. எங்கள் சபையின் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறாள். எனக்குக் குரல் கிடையாது, ஆகவே சவுண்டு என் கைக்கு வந்தது. பழைய மிக்ஸரைத் தூக்கிப் போட வைத்து, டிஜிட்டல் மிக்ஸர் வாங்க வைத்தது நான்தான். குழுவை நடத்துகிறவர் மாடம்பாக்கத்தில் இருக்கும் ஒரு வங்கி அதிகாரி. என்னைவிட மூத்தவர், அண்ணா என்று கூப்பிடுவேன். சென்ற கிறிஸ்மஸுக்குக் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்யலாம் என்ற யோசனை அவருடையது. பதிந்த குரல்களை அளவாகச் சேர்த்து மிக்ஸ் செய்வது யார் என்ற கேள்வியே எழவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் கோயில் கதவுகளைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, எல்லோரும் வேர்வையில் நனைந்து பாடினார்கள். நான் மைக்குகளை இங்கும் அங்கும் நகர்த்தி நகர்த்தி அதட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பல வாரங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு குரலாகச் சரிசெய்தேன். எனக்கு எல்லாமே கொஞ்சம் மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்டது. உயர்ந்த ஒலிகளைத் தூக்கிவிடும் ட்ரெபிளைக் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். கடைசியில் குரல்கள் துலங்கி வந்தபோது கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

சுருக்காத முழுக் கோப்புகளைக் குழுவுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு நீண்ட செய்தி: செல்பேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், வயர் இல்லாத இயர்போனில் கேட்காதீர்கள், இதை எம்பித்ரீயாக மாற்றி யாருக்கும் அனுப்பாதீர்கள். பதிலுக்குக் கைகூப்பும் படங்கள் வந்தன. “காட் பிளஸ் யூ பிரதர்” என்று சிலர் எழுதினார்கள். எந்தப் பாட்டைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல சத்தத்தை இவர்கள் கேட்டே பழகியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு புது ஹெட்போன் வாங்கி, மறுநாளே கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோனேன்.

“இதுல ட்ரெபிளே இல்ல. டப்பாவுக்குள்ள பாடற மாதிரி இருக்கு” என்றேன்.

அவர் மாட்டிப் பார்த்துவிட்டுச் சலிப்போடு கழற்றினார். “நல்லாத்தான சார் கீது? பாக்ஸைப் பிரிச்சிட்டு வந்து இப்டி சொன்னா நான் இன்னா பண்றது? பேஜாரா பூடும் சார்.”

கடையில் நாலு பேர் பார்க்க, அவருக்கு ஒலியைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரியில் மனைவிக்குக் காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அவள் வாயில் வைத்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து அது சத்தம் கொடுக்கக் காத்திருந்தேன். அவளே எடுத்து நீட்டினாள்.

“இரு, இன்னும் அடிக்கல” என்றேன்.

“அடிச்சிடுச்சுங்க.”

“எங்க அடிச்சது? சைனா பொருள். பஸ்ஸர் போயிருக்கும்.”

காய்ச்சலில் சிவந்த கண்களோடு அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தெர்மாமீட்டரை மறுபடி அணைத்துப் போட்டு, என் காதருகே கொண்டுவந்தாள். “இப்போ அடிச்சது. கேட்டுதா?”

கேட்கவில்லை. அதன் சிறு திரை மட்டும் விழித்துக்கொண்டது. அவள் இன்னொரு முறை செய்தாள். நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் மின்விசிறியின் இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. “நாளைக்குப் பேட்டரி மாத்தறேன்” என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பேட்டரி மாற்றவில்லை. அவளுக்குக் குணமானதும் யாரிடமும் சொல்லாமல் காது பரிசோதிக்கும் இடத்துக்குப் போனேன். ஒரு இளம்பெண் என்னைக் கண்ணாடி வைத்த சிறு அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். ஹெட்போனைத் தடவிப் பார்த்து, இது சாதாரண ரகம், இதை வைத்து என்ன அளப்பார்கள் என்று நினைத்தேன். முதலில் சில சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் பொறுத்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினேன்.

“நின்னு போச்சு போல இருக்கேம்மா?”

அவள் கதவைத் திறந்து மெதுவாகச் சொன்னாள். “இல்ல சார். ஓடிட்டுத்தான் இருக்கு.”

வெளியே வந்ததும் கணினித் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். இடப்பக்கம் சமமாகப் போய், நடுவில் சடாரென்று பள்ளத்தில் இறங்கியது. உயர்ந்த ஒலிகள் எனக்குக் கேட்பதில்லை, பல வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்றாள்.

“ஹெட்போன் நிறைய போடுவீங்களா சார்?”

“போடுவேன். ஆனா நல்ல ஹெட்போன்தான் போடுவேன்.”

அவள் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. “எவ்வளவு நல்லதா இருந்தாலும் சத்தமா வச்சா காதுக்கு ஒண்ணுதான் சார்” என்று சொல்லிவிட்டு, எந்த ஒலி அளவில் வைப்பேன், எத்தனை மணி நேரம் கேட்பேன் என்று விசாரிக்கத் தொடங்கினாள். உண்மையைக் குறைத்துச் சொன்னேன்.

காது மெஷின் வாங்கினேன். காதுக்குப் பின்னால் உட்காரும் சின்னப் பொருள். நான் ஊரெல்லாம் பழித்த அத்தனையும் அதில் இருந்தன: புளூடூத், பொட்டு அளவு மைக், ஒலியைப் பிசைந்து நசுக்கிச் சமப்படுத்தும் ஒரு சில்லு, திறந்து பழுதுபார்க்க முடியாத மூடி. அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது என் செருப்புக்கு ஒரு சத்தம் இருந்தது. பாலிதீன் பை கசங்குவது மழை போலக் கேட்டது. வீட்டில் மனைவி “ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன்” என்று ஏதோ சொன்னாள். அவள் ‘ஸ்’ சொல்லும் விதமே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த மதியம், கிறிஸ்மஸ் பாட்டுகளை அந்த மெஷினோடு கேட்டேன். என் மேசை ஸ்பீக்கரில்தான் போட்டேன். முதல் வரியிலேயே கை தானாகக் காதுக்குப் போனது. ஒவ்வொரு ‘ஸ்’ஸும் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் சீறியது. கீபோர்டின் மணியோசை எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடித்தது போல இருந்தது. மேல்குரல் சோப்ரானோ பெண்கள் பாடவில்லை, தகரத்தைக் கீறினார்கள். அத்தனை பேர் வேர்வை சிந்திப் பாடியதை நான் அப்படி ஆக்கி வைத்திருந்தேன். ஆக்கிவிட்டு, எம்பித்ரீயாக மாற்றாதீர்கள் என்றும் உத்தரவு போட்டிருந்தேன்.

அப்போது சமையலறைக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. பாட்டு போட்டால் அந்தக் கதவு சாத்தப்படுவதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். தாளிக்கிற வாசனை என் அறைக்கு வராமல் இருக்கத்தான் என்று எண்ணியிருந்தேன்.

போய்த் திறந்தேன். “உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. அடுப்பைக் குறைத்தாள். “போன ஈஸ்டருக்கே சொன்னேனே. கோயில் சவுண்டு காது கூசுதுங்கன்னு. உனக்கு ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு பழக்கம் இல்லன்னு சொன்னீங்க.”

“நல்லா அழுத்திச் சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா கேட்டிருப்பீங்களா?”

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

இதோடு முடிந்தது, இனி இது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காட்டாங்குளத்தூரில் குழுவில் ஒருவரின் புதுவீட்டு ஜெபம். அண்ணா தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டார். நான் முன்னால், மனைவி பின்னால். பெருங்களத்தூரில் வண்டிகள் அசையாமல் நின்றன. அண்ணாவின் செல்பேசி காரோடு தானாக இணைந்து, எங்கோ பாதியில் நின்ற ஒரு பாட்டைத் தொடர்ந்து பாடத் தொடங்கியது. நாலு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று சாயாமல், இதமாக, ஒரே மூச்சில் பாடின. எந்தச் சபையின் குழுவோ, எவ்வளவு நன்றாகப் பதிந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது சரணத்தில் ஆல்ட்டோ மட்டும் கீழே இறங்கி வந்தது. அது என் மனைவியின் குரல்.

அண்ணா அவசரமாக ஒலியைக் குறைத்தார்.

“அண்ணா, இது நம்ம ரெக்கார்டிங்தானே?”

“ஆமா.”

“நான் அனுப்பினது இல்லையே.”

முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “பத்திரமா வச்சுக்கச் சொல்லி தனித்தனி டிராக்கெல்லாம் பென்டிரைவ்ல கொடுத்தீங்க இல்ல? அதை பெங்களூர்ல இருக்கிற என் பொண்ணுக்கு அனுப்பினேன். அவ கொஞ்சம்... லேசா சரி பண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“எல்லார்கிட்டயும் இது இருக்கா?”

அவர் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார். நான் பின்னால் திரும்பினேன். மனைவி ஜன்னல் வழியாகச் சாலையோரக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் இருந்தது. அண்ணாவின் மகள் லேப்டாப்பில், வயர் இல்லாத இயர்போனை வைத்துக்கொண்டு, ஆபீஸ் முடிந்து வந்து செய்தாளாம். எம்பித்ரீதான். வாட்ஸாப்பில்தான் சுற்றியது. காரின் சாதாரண ஸ்பீக்கரில், புளூடூத்தில், என் காது மெஷின் வழியாக வந்த அந்தப் பாட்டு அவ்வளவு அழகாக இருந்தது.

“சத்தம் வைங்க அண்ணா. கேட்கலாம்” என்றேன். வைத்தார். மூன்று பேரும் கேட்டுக்கொண்டே போனோம். புதுவீட்டில் எல்லோரும் வழக்கம்போல அன்பாக விசாரித்தார்கள். பிரியாணித் தட்டோடு ஒரு மூலையில் நின்றேன். இவர்கள் ஒவ்வொருவரும் என் மனம் நோகக்கூடாது என்று பேசிவைத்துக்கொண்டவர்கள் என்று தெரிந்தபிறகு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஒத்திகையில், அண்ணா வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும், எழுந்து நின்று சொன்னேன். காது போனதைச் சொன்னேன், பாட்டைக் கெடுத்ததைச் சொன்னேன், சவுண்டை வேறு யாராவது பாருங்கள் என்றேன். டெனர் பாடுகிறவர் ஒருவர் என்னைத் தேற்றுவதாக நினைத்து, “அதெல்லாம் பரவாயில்ல பிரதர், நாங்க பழகிட்டோம்” என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது மிக்ஸரில் சோப்ரானோ பெண்களில் ஒருவரின் கணவர் உட்காருகிறார். நான் மைக் வைக்கிறேன், வயர் சுற்றுகிறேன்.

அண்ணாவின் மகளுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. நம்பர் வாங்கி, ஒரு ஞாயிறு காலை பேசினேன். யார் என்று சொன்னதுமே அவள் பதறிவிட்டாள்.

“அங்கிள், ஸாரி அங்கிள். அப்பா கேட்டாருன்னுதான் செஞ்சேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

“இல்லம்மா, நான் திட்ட கூப்பிடல.”

“நான் பெருசா ஒண்ணும் பண்ணல அங்கிள். ரெக்கார்டிங் ரொம்ப க்ளீனா இருந்துச்சு. மைக் எல்லாம் கரெக்டா வச்சிருந்தீங்க. மேல இருந்த ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கினேன், அவ்வளவுதான்.”

எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. என்னைவிட அவள்தான் கூச்சப்பட்டாள். தேங்க்ஸ் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல நினைத்திருந்தது அவ்வளவும் அப்படியே நின்றுபோனது.

கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, “என்ன சொன்னா?” என்று கேட்டாள்.

“ஸாரி சொன்னா” என்றேன். மைக் சரியாக வைத்திருந்ததாக அவள் சொன்னதை என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது.