ப்ரியம்வதா வீட்டு வெல்டிங் மெஷின்

தில்லை நகரில் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு போனில் ஆளுக்கொன்று ஓடும். எனக்குச் சீரியல், மேனேஜருக்குப் பங்குச் சந்தை. ப்ரியம்வதாவின் போனில் மட்டும் யாரோ ஒருவர் முகமூடி மாட்டிக்கொண்டு இரும்பை ஒட்டிக்கொண்டிருப்பார். தயிர்சாதமும் மாவடுவுமாக அவள் அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உனக்கு எதுக்கு இந்த இரும்படிக்கிற வேலையெல்லாம்?" என்று கேட்டேன்.

"எங்காத்துக்கு ஒரு வெல்டிங் மெஷின் வாங்கப்போறேன் பானு. எதை வாங்கறதுன்னு பார்க்கறேன்" என்றாள், ஏதோ மிக்ஸி வாங்கப்போகிறவள் மாதிரி.

நான் சிரித்தேன், ஆனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். ப்ரியம்வதா ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரி. நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இல்லாமல் ஒரு நாளும் ஆபீஸுக்கு வந்ததில்லை. பேச்சு மெதுவாக இருக்கும், பிடித்தால் உடும்புப்பிடி. யாரோ ஒரு அம்மாளுக்கு வர வேண்டிய க்ளெய்மை மேலிடம் நிறுத்தி வைத்தபோது, தினமும் காலையில் பெருமாளைச் சேவித்த கையோடு அவர்களுக்குப் போன் போட்டு, கடைசியில் அவர்களே அலுத்துப்போய்க் கையெழுத்துப் போடும்வரை விடவில்லை. அவள் மெஷின் வாங்கப்போகிறேன் என்றால் வாங்கத்தான் போகிறாள்.

எல்லாம் அவள் வீட்டுக்காரருக்காகத்தான். லக்ஷ்மிகாந்த் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவர். பையை பைக்கில் மாட்டிக்கொண்டு முசிறி, துறையூர் என்று பச்சைமலை அடிவாரம் வரைக்கும் டாக்டர்களைத் தேடிப் போவார். ஜீயபுரம் பக்கம் வாழைத்தார் ஏற்றி வந்த லாரி ஒன்று அவரை அடித்துப் போட்டது. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இடது கைக்குப் பலம் உண்டு, ஆனால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. இப்போது வீட்டில் இருந்தபடியே சில மருந்துக்கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறார்.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கியாகிவிட்டது. பிரேக்கை வலது கைப் பக்கம் மாற்றி, லைசென்ஸும் எடுத்தாகிவிட்டது. சக்கர நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டு அவரே நகர்ந்து ஏறிவிடுவார். அப்புறம் என்ன குறை என்று நானும் கேட்டிருக்கிறேன். அவர் ஏறிய பிறகு நாற்காலி வாசலிலேயே நின்றுவிடுமே, அதுதான் குறை. போன இடத்தில் இறங்க வேண்டுமென்றால் அங்கே ஒருவர் நாற்காலியோடு காத்திருக்க வேண்டும். எங்கே கிளம்பினாலும் ப்ரியம்வதா முதலில் போன் போட்டு ஆள் பிடிப்பாள். ஆள் கிடைக்காவிட்டால் பயணம் கிடையாது. நாலு ஊரைச் சுற்றி வாழ்ந்த மனுஷன் விபத்துக்குப் பிறகு துணையில்லாமல் ஓர் இடத்துக்குப் போய் இறங்கியதே இல்லை. கொஞ்ச நாளில் ஸ்கூட்டரைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

மடித்த நாற்காலியை ஸ்கூட்டரோடு எடுத்துப்போக, பக்கச் சக்கரத்துச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி ஓர் இரும்புத் தாங்கி வேண்டும். அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, வலது கை ஒன்றால் நாற்காலியைத் தூக்கி வைக்கவும் இறக்கவும் வசதியாக அது இருக்க வேண்டும். மெக்கானிக் நவநீதன் ஒன்று செய்து கொடுத்தார். உயரம் கூடிப்போனது. குறைத்தார், சாய்ந்துபோனது. ஜாக்கெட்டுக்கு ஆள் உடம்பில் அளவெடுப்பதுபோல அவரை உட்கார வைத்து, வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டித்தான் அது படிய வேண்டும். நவநீதனுக்கு அவருடைய ஒர்க்ஷாப்பைப் போட்டுவிட்டு தினம் ஸ்ரீரங்கம் வர முடியுமா? நாமே ஒட்டிக்கொள்ளலாம் என்று ப்ரியம்வதா முடிவு பண்ணியது அப்போதுதான்.

பாலக்கரைப் பக்கம் அப்ரார் என்பவரின் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அப்ரார் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டு வேலைக்கா மேடம்? யாரு ஒட்டப் போறது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நான் விட்டத்தைப் பார்த்தேன்.

செம்புக் கம்பி சுற்றிய பழைய மாடல் ஒன்று மூலையில் கிடந்தது. வீட்டு லைனுக்கு அது ஆகாது என்று அவரே தள்ளிவிட்டார். கேஸ் சிலிண்டரோடு, காலால் மிதித்துச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ஒன்றையும் காட்டினார். அது அழகாக ஒட்டுமாம், விலையும் அழகாக இருந்தது. பிறகு தோளில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக, ராடு வைத்து ஒட்டுகிற இன்வெர்ட்டர் மெஷின். ப்ரியம்வதாவின் முகம் மலர்ந்தது.

"இருநூறு ஆம்ப்னு போட்டிருக்கே, எங்காத்து லைன் தாங்குமா?"

"ஏசி போடற பாயின்ட் இருந்தா போதும். நீங்க சொன்ன தாங்கிப் பைப்பு ரெண்டு மில்லி கனம்தானே, இதுல பாதி சூடுகூட வேணாம்."

"விடாம எவ்வளவு நேரம் ஓடும்?"

அப்ரார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் பேசிய தோரணையே வேறு. வயர் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பட்டனை அழுத்தினால் கம்பி தானே வரும், கேஸ் இல்லாமலே ஓடுகிற கம்பியும் கிடைக்கும் என்றார். "புதுசா கத்துக்கறவங்களுக்கு இது லேசு மேடம்." அது ராடு மெஷினைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை.

"லேசுங்கறதுக்காக ரெட்டை விலை குடுக்கணுமா? நான் கத்துண்டுடுவேன்" என்றாள் ப்ரியம்வதா. ராடு மெஷினையே வாங்கி, மிச்சப் பணத்துக்கு நல்ல ஹெல்மெட்டும் தோல் கையுறையும் எடுத்தாள். எனக்கும் அவள் கணக்கு சரியாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடி ஓரம் பொறி பறந்தது. ராடு இரும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். இழுத்து விடுவித்தால் அடுத்த நிமிஷம் பைப்பில் ஓட்டை விழும். அதை அடைக்கப் போய் இன்னொன்று விழும். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வரும்போது புடவையில் கருகிய வாசனை வரும். கற்றுக்கொள்ளவும் செய்தாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். நாலு தடவைக்கு ஒரு தடவை ஒட்டு நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். லக்ஷ்மிகாந்த் கொல்லை வாசல்படிக்கு உள்ளே நாற்காலியில் இருந்தார். எனக்குக் காபி கொடுத்துவிட்டு ப்ரியம்வதா ஹெல்மெட்டை மாட்டினாள். எதிர்வீட்டு வைதேஹி மாமி கறிவேப்பிலை கேட்டு வந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"எதுக்குடி உனக்கு இந்த அவஸ்தை? காந்த் எங்க போகணும்? தை உற்சவத்துல பெருமாளே இந்த வாசலுக்கு எழுந்தருள்றார். இதைவிட என்ன பாக்கியம் வேணும்?" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையோடு போனாள்.

லக்ஷ்மிகாந்த் ப்ரியம்வதாவின் கையையே பார்த்தார்.

"ரொம்பச் சாய்க்கறே ப்ரியா. ராடைக் கொஞ்சம் நிமிர்த்து."

"எனக்குத் தெரியும்."

ராடு ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் பைப்பும் கூடவே வந்தது.

"ஒரு தடவை என் கையில குடேன்."

"வேண்டாம். பொறி மடியில விழுந்தா உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது. நீ பார்த்துக்கோயேன்."

"அதெல்லாம் வேண்டாம்னா. நான் பண்ணித் தரேன். நீங்கோ ஏறி உக்காந்தா போறும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "மருந்துக்கடைக்காரன் பில்லை வாசலுக்குக் கொண்டு வரான். முடி வெட்டறவன் வாசலுக்கு வரான். மாமி சொல்றா, பெருமாளும் வாசலுக்கு வரார். இப்ப நீ இதையும் பண்ணி வாசல்ல நிறுத்தப்போறே. எல்லாம் என்கிட்ட வருது ப்ரியா. நான் எதுகிட்டயும் போகலை."

ப்ரியம்வதா ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி நடுவில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பது மாதிரி சங்கடம் வேறில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் கண் வீங்கி இருந்தது. "வீட்டு லைன் பார்த்தேன், இரும்போட கனம் பார்த்தேன், விலை பார்த்தேன். யார் கைன்னு மட்டும் பார்க்கலை" என்றாள். "அவர் சும்மா உக்காந்துண்டு பார்க்கட்டும்னு நானே முடிவு பண்ணிட்டேன் பானு. மாமி வாயால சொன்னதை நான் காசு குடுத்து வாங்கிண்டு வந்திருக்கேன்."

அந்த வாரமே அரைநாள் லீவு போட்டு, மெஷினையும் அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அப்ரார் கடைக்குப் போனாள். நானும் போனேன், இந்தத் தடவை யாரும் இழுக்கவில்லை. கடைக்கு உயரமான படி. ஆனால் சிலிண்டர் உருட்டுவதற்காக ஓரத்தில் இரும்புத் தகடு ஒன்றைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். லக்ஷ்மிகாந்த் அதில் தானே உருட்டிக்கொண்டு ஏறினார்.

ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். உட்கார்ந்த நிலையில் ராடின் நுனி வெகு தூரத்தில் ஆடியது. ராடு கரையக் கரையக் கையும் கூடவே இறங்க வேண்டும். தாங்கிப் பிடிக்க இடது கை விரல்கள் உதவவில்லை. மிதித்து ஓட்டுகிற மெஷினைக் காட்டியபோது, "இதுக்குக் கால் வேணுமாமே" என்று அவரே சிரித்தார். அப்ரார் தர்மசங்கடத்தில் அதை எடுத்து உள்ளே வைத்தார். கடைசியில் வயர் மெஷின். கைப்பிடி குட்டையாக இருந்தது. வலது கை விரல் பட்டனில், இடது மணிக்கட்டு அதற்கு அடியில் முட்டுக்கொடுத்தபடி. அப்ரார் ஒரு துண்டு இரும்பை வைத்தார். சர்ரென்று ஒரு கோடு விழுந்தது. கோணல்தான், ஆனால் ஒட்டிவிட்டது.

"இது" என்றார் லக்ஷ்மிகாந்த்.

பழையதை அப்ரார் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். ப்ரியம்வதா பேரம் பேசவில்லை, அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மடியையும் காலையும் மூடுகிற தடித்த தோல் ஏப்ரன் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினாள்.

அதற்குப் பிறகு கொல்லையில் வேலை அவருடையது. இரும்பை மேஜையில் இடுக்கிக் கொடுப்பதும், பக்கத்தில் தண்ணீரும் மணலும் வைப்பதும், வேலை முடிந்ததும் அவர் காலைத் துணி விலக்கிப் பார்ப்பதும் அவளுடையது. ஆரம்பத்திலேயே ஒரு நாள் ஏப்ரனின் மடிப்பு வழியாகப் பொறி ஒன்று இறங்கித் தொடையில் கொப்புளம் போட்டிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. அவள் மருந்து போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதிருக்கிறாள். எல்லாவற்றையும் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று இருந்ததாம். மறுநாள் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து ஏப்ரனின் இரண்டு பக்கமும் தோல் பட்டை வைத்துத் தைத்து வந்தாள். அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

அவருடைய ஒட்டுகள் முதலில் காக்காய் எச்சம் மாதிரி இருந்தன, அவரிடமே சொன்னேன். பிறகு தேறின. தாங்கியை வெட்டினார், ஒட்டினார், உட்கார்ந்து பார்த்தார், மறுபடி வெட்டினார். முடிந்ததும் நவநீதன் வந்து சுத்தியலால் ஒவ்வொரு ஒட்டையும் தட்டிப் பார்த்தார். இரண்டு இடத்தில் இன்னும் போடச் சொன்னார், பிறகு தானே போல்ட் முடுக்கிக் கொடுத்தார்.

அது நடந்தது ஒரு ஐப்பசிக் காலை. மழை விட்டிருந்தது. ப்ரியம்வதா ஆபீஸ் பையோடு வாசலில் நின்றிருந்தாளாம். லக்ஷ்மிகாந்த் பலகையைப் போட்டு சீட்டுக்கு நகர்ந்தார். நாற்காலியை மடித்தார், வலது கையால் தூக்கித் தாங்கியில் வைத்தார், பெல்ட்டை மாட்டினார். வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்பது எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் வழக்கமில்லை, சகுனம் கெட்டுவிடும் என்பார்கள். ஆனால் விபத்துக்குப் பிறகு அவரிடம் அதைக் கேட்காதவர்களே இல்லை. எங்கே போகணும், எத்தனை மணிக்கு, அங்கே யார் இருப்பா. கேட்டால்தானே ஆள் பிடிக்க முடியும். அன்றைக்கும் அந்தக் கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டதாம்.

"போயிட்டு வரேன்" என்றார்.

"சரி" என்றாள்.

அன்று ஆபீஸில் அவள் ஒரு வேலையும் பார்க்கவில்லை. போனை மேஜைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுத்தான் பாரேன் என்றேன். மாட்டேன் என்றாள். போன் அடிக்கவே இல்லை. ஐந்து மணிக்கு என்னிடம்கூடச் சொல்லாமல் ஓடிவிட்டாள்.

மறுநாள் நான் உள்ளே நுழையும்போதே கேட்டேன். "வந்துட்டாரா?"

"எனக்கு முன்னாடியே வந்து தளிகைக்குக் காய் நறுக்கி வச்சிருந்தார். முகமெல்லாம் வெயில்ல கறுத்துக் கிடந்தது."

"எங்கே போனாராம்?"

ப்ரியம்வதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"தெரியாது பானு. அவர் சொல்லலை, நான் கேக்கலை" என்றாள்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் ஒன்றைத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதை அவள் அவ்வளவு பெருமையாகச் சொன்னாள்.