மூன்று பிரவுசர், ஒரு குரல்

மலர்க்கொடி திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமத்தில் நாற்று நடும் கூலியாட்களின் மகளாகப் பிறந்து, கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவள். பார்வையில்லாதவர்களுக்காக, இணையத்தில் வரும் தமிழைச் சத்தமாகப் படிக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை, அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலை, எழுதி இலவசமாகக் கொடுத்திருந்தாள். ஆனால் இப்படிப்பட்ட நிரல்களுக்கான விதி பிரவுசருக்குப் பிரவுசர் வேறு. அதனால் ஒரே வேலைக்கு, மூன்று பிரவுசர்களுக்கு மூன்று நிரல்களை எழுதித் தனியாளாகப் பராமரித்தாள்.

பேராவூரணியில் கண்பார்வை இழந்த கல்யாணம் என்ற ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தினமும் அதில்தான் செய்தி கேட்பார். உச்சரிப்பு பிசகினால் போன் செய்து சொல்வார்.

ஒருநாள் அவருடைய பிரவுசர் விதிகளை மாற்றியது. எக்ஸ்டென்ஷன் வாயடைத்துப் போனது.

"வேற பிரவுசர்ல வேலை செய்யுது, மாத்திக்கிறீங்களா சார்?"

"இதுதான் விரலுக்குப் பழகியிருக்கும்மா. நீ சரி பண்ணு, காத்திருக்கேன்."

வேலை முடிந்து கிடைத்த நேரத்தில் எழுத, பத்து வாரம் ஆனது. சொல்வதற்காகக் கூப்பிட்டபோது அவர் மகள் மதுவந்தி எடுத்தாள்.

"அப்பா போய்ப் பதினோரு நாள் ஆச்சுங்க. தினமும் காலைல திறந்து பாப்பாரு. அந்தப் பொண்ணு செஞ்சிடும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

மலர்க்கொடி அன்றே, பிரவுசர்களுக்குப் பொது விதி வகுக்கும் குழுவுக்கு நடந்ததை எழுதினாள். அவளைப் போலப் பலரும் எழுதியிருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான விதிகள் ஒன்றாயின. இப்போது ஒரு நிரல் எழுதினால் மூன்றிலும் ஓடுகிறது. முதல்முறை அது ஓடியபோது யாருக்காவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நினைவுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.