கறுப்பு ஆடிப் பிழைக்க வேண்டும்

ஏற்காட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்தபோது எங்கள் ஊர் கிளியூரே பொறாமைப்பட்டது. உட்கார்ந்து பேசுகிற வேலையாம். பேச்சென்ன பேச்சு? எந்த நம்பர், லைன் பிஸி, அவ்வளவுதான். அடைமழை மாதங்களில் அதுவும் இல்லை. மத்தியானம் முழுக்க நானும் சுவிட்ச்போர்டும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

டிரங்கு லைனின் மறுமுனையில், சேலத்தில், ஒருவர் இருந்தார். முகம் தெரியாது. ஆபரேட்டர்களுக்குள் பேர் கேட்கிற வழக்கமில்லை, ஊர்தான் பேர். எனக்கு அவர் சேலம், அவருக்கு நான் ஏற்காடு. ஒரு மழைநாளில், கோ என்று ஒரு விளையாட்டு தெரியுமா என்றார். பசுவா என்று கேட்டேன். சிரித்துவிட்டு விளக்கினார்: ஜப்பான்காரர்கள் கட்டம் போட்டு, கறுப்பும் வெள்ளையும் வைத்து ஆடுவது. சுற்றி வளைக்கப்பட்ட காய் செத்தது. நடுவே இரண்டு காலி இடம், அதற்குக் கண் என்று பேர், அது இருந்தால் அந்தக் கூட்டம் பிழைத்தது. பழைய புத்தகக் கடையில் அவருக்கு ஒரு புதிர்ப் புத்தகம் கிடைத்திருந்தது. கூட ஆடத்தான் ஆளில்லை.

அன்றிலிருந்து அந்தப் புத்தகத்திலிருந்து வாரம் ஒரு கணக்கு. அவர் இடம் சொல்லச் சொல்ல, காலண்டர் அட்டையின் பின்பக்கம் கோடு போட்டு அடுக்குவேன். கறுப்புக்கு மிளகு, வெள்ளைக்குப் பொட்டுக்கடலை. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: கறுப்பு ஆடிப் பிழைக்க வேண்டும். நான் கண்டபடி வைத்துப் பார்ப்பேன், பிடிபட்ட பொட்டுக்கடலையைத் தின்றும்விடுவேன்.

"கை வெக்காமப் பாருங்க ஏற்காடு" என்றார் ஒருநாள். "எதிராளி என்ன பண்ணுவான்னு மனசுக்குள்ளயே ஆடிட்டு, அப்பறந் தொடுங்க."

எரிச்சலாக வந்தது. ஆனாலும் பழகினேன். இரண்டு நாள் இழுத்த கணக்கெல்லாம் வருஷம் திரும்புவதற்குள் டீ ஆறும் நேரத்தில் முடிந்தது.

வினையே அங்கேதான். முடிந்தது என்றால் பாராட்டிவிட்டு லைனை விட்டுவிடுவார், அடுத்த கணக்கு அடுத்த வாரம்தான். முடியவில்லை என்றால் துப்புக் கொடுக்க மறுநாளும் வருவார், அதற்கு மறுநாளும் வருவார். எனக்கு வேறு யார் இருந்தார்கள்? வாடகை அறைக்குப் போனால் வாயைத் திறக்கவே வேலையில்லை. அதனால் மண்டு மாதிரி நடித்தேன்.

இனி அவரவரே நேராகச் சுழற்றிப் பேசலாம், புது எக்ஸ்சேஞ்ச் வருகிறது என்றார்கள். இன்னும் ஒரு வாரம் இருக்கிறதென்று நினைத்திருந்தேன். ஒருநாள் காலையில் அவர் கொடுத்த கணக்கு பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சாயங்காலம் கேட்டார்.

"ஏனுங்க, பொழச்சுதுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

நொம்ப யோசிக்க வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் போனால் போர்டின் வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

என்னை ஒரு மேஜையில் உட்காரவைத்து ஃபைல் கொடுத்தார்கள். அங்கிருந்த போனில் சேலம் எக்ஸ்சேஞ்சுக்குச் சுழற்றினேன். ஒரு பெண் எடுத்தாள். ஏற்காடு லைனைப் பார்த்தவர் வேண்டும் என்றேன். பழைய ஆபரேட்டர்களையெல்லாம் ஆளுக்கொரு ஊராக மாற்றிவிட்டார்களாம்.

"பேரு சொல்லுங்க, எந்த ஊருன்னு பாத்துச் சொல்றேன்" என்றாள்.

பேருக்கு எங்கே போவேன்? விடை முழுக்க என் தலைக்குள் இருந்தது. போனை வைத்தேன். எனக்கு அந்தக் கணக்கு வரவே இல்லை என்றுதான் இன்றைக்கும் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நன்றாக வேண்டும் எனக்கு.