தெய்வசிகாமணி எரர் எழுதுவதில்லை

பந்து உருண்டதும் எல்லாரும் மைதானத்தைப் பார்ப்பார்கள். தெய்வசிகாமணி மட்டும் முதலில் தன் முதுகுக்குப் பின்னால் பார்ப்பார். யார் நிற்கிறார்கள், எந்தத் தெரு ஆள், முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டம். அப்புறம்தான் பந்துக்கு வருவார். அதற்குள் அது எங்கேயோ போயிருக்கும்.

தியாகதுருகம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். கோடு நேராகப் போடுகிற கை என்பதால், பெண்பிள்ளைகளின் சாப்ட்பால் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுத டிரில் மாஸ்டர் தங்கதுரை பிடித்துப் போட்டுவிட்டார். மேசையை மைதானத்து கேட்டுக்குப் பக்கத்திலேயே போடச் சொல்வார். சைக்கிளைப் பூட்ட மாட்டார். முன்சக்கரம் ரோட்டைப் பார்த்தபடி நிற்கும். வெற்றிலைப் பிரியர், ஆனால் ஆட்டம் முடிகிறவரை வாயில் போட மாட்டார். "யாரனா எதனா கேட்டா டக்குனு பதில் சொல்லணும் இல்ல?" என்பார்.

அவர் வேலை ஒரு தீர்ப்பு. அடித்தவள் ஓடிப்போய் முதல் பேஸை, அதாவது முதல் மூலையில் கிடக்கிற திண்டைத் தொட்டுவிட்டால், அது அவள் அடித்த அடியின் அழகா, தடுக்க வேண்டியவள் கோட்டை விட்டதா? முன்னதென்றால் ஹிட், பின்னதென்றால் எரர். சாதாரணமாக ஒரு பெண் பிடித்திருக்கக்கூடிய பந்தா இல்லையா, அவ்வளவுதான் அளவு. முன்பெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் சொல்வார். "இத்த எம் பொண்டாட்டி மொறத்துலயே புடிச்சிருப்பா, எரர்!" என்று சிரிப்பார்.

போன வருஷம் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்களே, அந்த வாரம் அந்தச் சிரிப்பு போயிற்று. கள்ளக்குறிச்சியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரை, சாய்ந்து கிடந்த புளியமரத்துக்கிட்டே நாலைந்து பேர் மறித்தார்கள். "இன்னா ஆளு நீ?" ஒரே கேள்விதான். என்ன சொன்னால் தப்பிக்கலாம் என்று தெரியவில்லை. சொந்த ஊர்ப் பெயர்கூட வாயில் வரவில்லை. பாவம், வேட்டி நனைந்துவிட்டது. அவர்கள் சிரித்தபடி வழி விட்டார்கள். "அட்ச்சிருந்தாகூட மறந்திருப்பேன் தங்கதுரை. சிரிச்சிக்கினே வுட்டானுங்களே, அது இன்னும் வவுத்துலயே கீது."

அன்று முதல் அவர் கையால் ஒரு எரர் விழுந்ததில்லை. காலுக்கு நடுவே போனாலும் ஹிட், கைக்கு வந்து நழுவினாலும் ஹிட். எரர் போட்டால் அந்தப் பெண்ணின் அப்பன் வருவான், பின்னாலேயே தெரு வரும். ஹிட் என்றால் அடித்தவளுக்கும் சந்தோஷம், விட்டவளுக்கும் நிம்மதி. "யாருக்கும் நோவாம போவுது, வுடேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

நொந்தது பந்து வீசுகிற ஜீவாவுக்கு. காலனிப் பெண்; அம்மா குஞ்சம்மாள் கரும்பு வெட்டப் போகிறவள். மற்றவர்கள் விட்டதெல்லாம் ஹிட் என்று ஏறினால், வீசியவள்தான் அடி வாங்கினாள் என்று ஆகும். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கக் கடலூரிலிருந்து வருகிறவர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, ஸ்கோரைத்தான் பார்ப்பார். குறைவாக ஹிட் கொடுத்தவளுக்கு இடம். இடம் கிடைத்தால் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கலாம். கிடைக்காவிட்டால் அம்மாவோடு கரும்புக் கொல்லைதான்.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஜீவா மேசைக்கு வந்தாள். "சார், அவுங்கல்லாம் வுட்டத நான் குடுத்ததா எழுதிக்கினு வர்றீங்க. எனுக்குப் பந்து போட வரலன்னா சொல்லிடுங்க சார், நான் நின்னுக்கறேன்." அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

ஆட்டம் முடிகிற நேரம். எதிரணியில் வீசுகிற பெண்ணும் ஜீவாவும் ஹிட் கணக்கில் சமம். ஜீவா போட்ட பந்தில் ஒருத்தி தொட்டும் தொடாமலும் அடித்தாள். பந்து சோம்பேறித்தனமாக உருண்டு, ஜீவாவின் அணியில் தடுக்க நின்ற செந்தமிழ்ச்செல்வியிடம் வந்தது. அவள் குனிந்தாள், கையுறைக்கு அடியில் நழுவி ஓடியது. ஐயோ, குழந்தைகூட பிடித்திருக்கும்.

தெய்வசிகாமணி பின்னால் பார்த்தார். செல்வியின் அப்பா சுப்புராயன் நின்றிருந்தார். நிலபுலன் உள்ளவர்; தெய்வசிகாமணி வாடகைக்குக் குடியிருப்பதே அவருடைய பங்காளி வீட்டில்தான்.

"ஹிட்டுதானே வாத்தியாரே? காலனிப் பொண்ணுக்கோசரம் எம் பொண்ணு மேல தப்பு எழுதிடாதீங்க." குரலில் கோபமே இல்லை.

"வாத்தியாரு சைக்கிள்ல இந்த ரோட்டுலதான வூட்டுக்குப் போவணும்" என்றான் கூட நின்றவன்.

சுப்புராயன் குனிந்து, எழுத வேண்டிய கட்டத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார். "ஹிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கைய எடுத்துடறேன்."

மைதானத்தில் தங்கதுரை தீர்ப்புக்குக் காத்திருந்தார். ஜீவா மேசைப் பக்கமே திரும்பவில்லை. இதுவும் ஹிட்தான் என்று அவளே முடிவு கட்டிவிட்டதுபோல், காலால் மண்ணைத் தள்ளிச் சரி செய்துகொண்டிருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவருக்குக் காது அடைத்தது. வியர்த்து வழிந்த விரல்களால் சுப்புராயனின் மணிக்கட்டைப் பிடித்தார். தூக்கி மேசையின் ஓரத்தில் வைத்தார். அது மறுபடி வந்துவிடாதபடி இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, வலது கையால் அந்தக் கட்டத்தில் எரர் என்று எழுதினார்.