பரவை தாண்டாத மினி பஸ்

பாதி வெந்த சோற்றை இலையில் போட்டுவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்கிற தொழில் எங்களுடையது.

நானும் சரவணனும் திருப்பரங்குன்றத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து செல்போன் கேம் செய்கிறோம். மதுரையிலிருந்து சோழவந்தானுக்கு மினி பஸ் ஓட்டுகிற கேம். இன்னும் முடியவில்லை. முடியாததையே ஆன்லைன் கடையில் போட்டு, விளையாடுகிறவர்கள் சொல்லச் சொல்லத் திருத்துவது இங்கே வழக்கம். பூச்சு வேலை முடியாத வீட்டில் பால் காய்ச்சியவர்களுக்கு என் வேதனை புரியும். வருகிறவர்கள் சுவரைத்தானே பார்ப்பார்கள்!

விளையாடுகிறவர்கள் போடும் மார்க், சராசரி மூன்று ஸ்டாருக்குக் கீழே போனால் கடை எங்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடும். புது ஆள் யார் கண்ணிலும் படமாட்டோம். நாங்கள் கீழேதான் கிடந்தோம். மாதக் கடைசிக்குள் மூன்றைத் தொடாவிட்டால் சென்னையில் பழைய வேலைக்கே போய்விடுவதாகச் சரவணன் சொல்லிவிட்டான். எனக்குப் படம் வரைய மட்டும்தான் தெரியும். அவன் போனால் கேம் அம்புட்டுதான்.

முதல் ஸ்டார்

வழியில் வருகிற பரவை ஊர் வரைக்கும்தான் ரோடு போட்டிருந்தோம். அதற்கு மேல் வெறும் நீலம். "இதற்கு மேல் வேலை நடக்கிறது" என்று பலகை வைத்தோம். நம்மூரில் பலகையைப் பார்த்து எவர் வண்டியை நிறுத்தினார்? முதல் நாளே ஒருவர் முழு வேகத்தில் பஸ்ஸை உள்ளே விட்டுவிட்டு எழுதினார்: "பரவை தாண்டுனா பஸ் ஆகாயத்துல விழுது. கண்டக்டர் மட்டும் டிக்கெட் கேட்டுக்கிட்டே விழுறாரு. அவருக்காக ஒரு ஸ்டார்."

காதுகுத்து

அடுத்து நான் செய்த கூத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் சந்தனத் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, பந்திக்குப் போகிற ஒவ்வொரு சொந்தக்காரர் போனையும் வாங்கி, மண்டபத்து வைஃபையில் கேமை இறக்கி, ஐந்து ஸ்டார் போட வைத்தேன். மறுப்பேதும் இல்லை. சிலர் கருத்தும் எழுதினார்கள். "குழந்தை நீடூழி வாழ்க" என்று ஒரு அத்தை. "ரசம் பிரமாதம்" என்று ஒரு மாமா.

இரண்டே நாளில் கடை அத்தனையையும் அழித்துவிட்டது. ஒரே இடம், ஒரே நேரம், யாரும் ஒரு நிமிஷம்கூட விளையாடவில்லை. பிறகு கடைக்காரன் என்ன செய்வான்? மிஞ்சியது பத்தொன்பது பேர் போட்டதுதான். சராசரி மூன்றுக்கு ஒரு மயிரிழை கீழே. விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்! "அந்தக் கடைக்காரன்ட்ட சொல்லுத்தா, அஞ்சு ஸ்டாரும் எங்க பிள்ளைக்குப் போட்டது, கேமுக்கு இல்லன்னு."

டீச்சர்

டி. கல்லுப்பட்டியில் ஒரு கணக்கு டீச்சர். முடியாத கேமுக்கு எப்படி மார்க் போட வேண்டும் என்று கடையில் எங்கள் கேமுக்கான பக்கத்திலேயே நீளமாக எழுதி, கீழே போன் நம்பரும் போட்டிருந்தார். அரையாண்டுப் பரீட்சையில் முழுப் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்கலாமா? நடத்திய பாடத்தில்தானே கேட்க வேண்டும்? படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் மேலே பார்த்தேன். இரண்டு ஸ்டார். போன் போட்டு, "என்ன டீச்சர், இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றேன். அவர் குரல் அசையவே இல்லை. "நடத்துன பாடத்துக்கு மட்டும்தாம்மா போட்டேன். அதுலயே நீங்க வாங்குனது ரெண்டுதான்."

பாண்டி அண்ணே

பாண்டி நிஜமாகவே மினி பஸ் ஓட்டுகிறவர். ஹாரன் சத்தம் சரியில்லை, பிரேக் பிடித்தால் நிற்கும் ஆள் சாய வேண்டாமா, பூக்கூடையை எங்கே வைப்பது என்று வாராவாரம் எழுதுவார். சொன்னதையெல்லாம் திருத்தினோம். உண்மையைச் சொன்னால் கேமில் உருப்படியாக இருப்பதில் பாதி அவர் சொன்னது. ஆனாலும் முதலில் போட்ட அதே ஒற்றை ஸ்டார். மாதம் முடிய மூன்று நாள். சரவணன் தன் கம்ப்யூட்டரின் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான். பார்க்கச் சகிக்கவில்லை. அவர் பஸ் நிற்கிற பரவை மார்க்கெட் ஸ்டாப்பில் போய் அவரைப் பிடித்தேன்.

"என்னண்ணே, அம்புட்டையும் திருத்தியும் ஒத்த ஸ்டார்லயே நிக்கிறீங்க?"

"அஞ்சு போட்டா நீங்க வேலைய நிப்பாட்டிருவீகளே, தங்கச்சி!"

சரவணன் கிளம்புவதைச் சொன்னேன். மனுஷன் முகம் செத்துப்போனது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். ஒன்று நான்கானது. சராசரி மூன்றைத் தாண்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் போனை என்னிடம் காட்டிச் சொன்னார்: "ஸ்டாரு போடுறது உங்கள்ட்ட பேசுறதுன்னுல்ல நெனச்சேன்! ஊருக்கே கேக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆகவே மகாஜனங்களே, முடியாத கேமுக்கு உள்ளதைப் பார்த்து ஸ்டார் போடுங்கள், வரப்போவதை நம்பிப் போடாதீர்கள், எங்களைத் திட்டுவதென்றால் மட்டும் தயவுசெய்து நேரில் கூப்பிட்டுத் திட்டுங்கள், டீ நாங்கள் வாங்கித் தருகிறோம்.