நஸீமா ராத்தா இறக்கம்

போன கிழமை அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோர சீட், கடல் காத்து, அரைத் தூக்கம்... திடீரென்று கண்டக்டர் கத்தினார்.

“நஸீமா ராத்தா! நஸீமா ராத்தா இறக்கம் ஆரு?”

பக்கத்திலிருந்த வெளியூர்ப் பிள்ளை என்னைப் பார்த்தாள். “அன்ரி, அது புடவைக் கடையா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையுமில்லை, மண்டபமுமில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த ஒரு மனுஷி, ஊருக்கே அக்கா. கண்ணை மூடி, மௌத்தாகி ஒரு வருஷமாகப் போகிறது.

ராத்தா எந்தச் சங்கத்திலும் இருந்தவரில்லை. மேடையில் ஏறச் சொன்னால் தலைவலி வந்துவிடும். ஆனால் தெருவில் யாருக்காவது ஒன்றென்றால் முதலில் கேட்பது அவருடைய செருப்புச் சத்தம்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டாரின் இன்சுலின் எல்லாம் அவருடைய ஃபிரிட்ஜில்தான் இருக்கும். கணவர் ஹனீபா காக்கா — தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பரம சாது — மதிலுக்கு மேலால் என்னிடம் முறையிடுவார்.

“தங்கச்சி, ஒரு தண்ணிப் போத்தல் வைக்க எடமில்ல. ஊர்ட சீனி வருத்தம் முழுக்க எண்ட ஃபிரிட்ஜுக்குள்ளதான் இரிக்கி!”

சரி, பஸ் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடுகளுக்கு எதிரே கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக். பஸ் நிற்கும் ஹோல்ட்டோ ஒன்று சந்தையடியில், இல்லாவிட்டால் பள்ளிவாசலடியில். இரண்டுக்கும் நட்டநடுவே கிளினிக். எந்தப் பக்கம் இறங்கினாலும் வெயிலில் நடைதான். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி அந்தப் பிள்ளைகள் நடக்க, பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும்.

ஒரு கிளினிக் நாள், பாண்டிருப்பிலிருந்து வந்த சுகந்தி என்ற பிள்ளை ராத்தாவின் கேற்றடியில் மயங்கி விழுந்துவிட்டாள். நாங்கள் இருவரும் தூக்கிப்போய் ஃபேனுக்குக் கீழே படுக்கவைத்தோம். குரும்பை வெட்டி இளநீர் கொடுத்தோம். கண் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி — “என்ட புள்ளைக்கு ஒண்டுமில்லையே?”

பிள்ளைக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் அன்று ராத்தாவின் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. இனி பஸ்காரர்கள்தான் பாவம்!

அடுத்த கிளினிக் நாள் ரோட்டோரத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. கதிரைகளில் தாய்மார். முன்னால் குடையோடு ராத்தா. முதலில் வந்த பஸ் நிற்கவில்லை. பின்னால் வந்ததும் நிற்கவில்லை. அதற்கடுத்த பஸ் வந்தபோது ராத்தா ரோட்டுக்குள் இறங்கிவிட்டார். பிரேக் போட்ட சத்தத்தில் நான் கண்ணை மூடிவிட்டேன்.

“என்ன ராத்தா, மௌத்தாகிறத்துக்கு எண்ட பஸ்தானா கெடச்ச?” — டிரைவர் றிஸ்வான், இளவட்டம்.

“மௌத்து வாற நேரம் வரட்டும் மனே. அதுக்கு முன்ன இந்தப் புள்ளயள ஏத்து.”

“இது ஹோல்ட் இல்ல.”

“ஹோல்ட் எண்டா என்ன, வானத்துல இருந்தா எறங்கின? ஆக்கள் நிண்டா ஹோல்ட்தான்!”

ராத்தா தாய்மாரை ஏற்றினார். சண்டை முடியாததால் தானும் ஏறினார். பஸ் போய்விட்டது. குடையோடு போனவர், கொஞ்ச நேரத்தில் சந்தையிலிருந்து குடையோடும் பாறை மீனோடும் வந்து இறங்கினார்.

அன்று பின்னேரம் ஹனீபா காக்கா பள்ளிவாசலிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டபடி வந்தார். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

“பொம்புள ஒராள் நடு ரோட்டுல நிண்டு பஸ் மறிக்கிறதா? ஆக்கள் என்ன கதைப்பாங்க?”

“அப்ப நீங்க போய் நில்லுங்க” என்றார் ராத்தா, மீன் வெட்டியபடியே.

போனாரே மனுஷன்! மாரி மழை பெய்து ஓய்ந்திருந்த காலை. வெள்ளைச் சாரம், கையில் குடை, மிக மரியாதையாக ஒரு விரலை நீட்டினார். பஸ் நிற்கவில்லை. பள்ளத்துத் தண்ணீரை மட்டும் தலையிலிருந்து கால்வரை தந்துவிட்டுப் போனது. சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்தவர் சொன்னார்:

“நீயே போ. கதிரைய நான் தூக்கிக்கிட்டு வாறன்.”

அதன்பின் கிளினிக் நாட்களில் கதிரை தூக்குவது அவர்தான். யார் என்ன கதைத்தார்களோ, அவர் காதில் விழவில்லை.

ராத்தாவோ றிஸ்வானின் பஸ்ஸாகப் பார்த்து ஏறுவார். முன் சீட்டிலிருந்து கதை கொடுப்பார். ஊர் எது, உம்மா சுகமா, கலியாணம் முடிச்சா? முடிக்கவில்லை என்றதும் — “நான் பாக்கிறன் மனே.”

அவ்வளவுதான்! ஒருவரும் கை காட்டாமலே றிஸ்வானின் பஸ் எங்கள் வாசலில் நிற்கத் தொடங்கியது. கிளினிக் இல்லாத நாளிலும்! ஜன்னலால் தலையை நீட்டிக் கேட்பான்.

“ராத்தா, பொண்ணு பாத்தீங்களா?”

முன்னால் போகிற பஸ் நின்று ஆட்களை ஏற்றினால் பின்னால் வருகிறவன் சும்மா போவானா? அவனும் நின்றான். அவனைப் பார்த்து மற்றவனும். யாருக்கும் மனுக் கொடுக்காமல், யாரும் நாடா வெட்டாமல், அது ஹோல்ட் ஆகிவிட்டது. நல்ல காரியங்கள் எல்லாம் நல்ல எண்ணத்தால்தான் நடக்கின்றனவா என்ன? எங்கள் பஸ் ஹோல்ட் ஒரு பெடியனின் கலியாண அவசரத்தால் வந்தது!

பெண் நிந்தவூரில் கிடைத்தாள். அடுத்த வருஷம் அவளும் அதே கதிரையில் வந்து உட்கார்ந்தாள்.

ராத்தா போனது ஒரு விடியற்காலை, சுபஹு நேரம். நெஞ்சுவலி என்று சொன்னாராம், அவ்வளவுதான். சுகந்தி மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராத்தாவின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த நேரம் றிஸ்வானின் பஸ்ஸும் வந்தது. எஞ்சினை நிறுத்தினான். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கண்டக்டரும் பின்னாலே போய்விட்டார். ரோட்டோரம் பஸ் நிறைய ஆட்கள், டிரைவர் இல்லை.

கேற்றடியில் நின்ற எனக்குப் பஸ்ஸுக்குள் எழுந்த குரல் தெளிவாகக் கேட்டது. கோட் போட்ட யாரோ ஒரு பிரயாணி.

“இதென்ன அநியாயம்? எவ்வளவு நேரம் நிற்பது? எனக்கு அவசரம்!”

பின் சீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு தாய் திரும்பினாள்.

“அவசரமெண்டா எறங்கி நடங்க. நாங்கெல்லாம் நடந்த ரோட்டுத்தான்.”

அவர் இறங்கவில்லை. வெயில் அப்படி!